பாட்டு இல்லாத மூன்று நிமிடம்

என் வீட்டுக்காரர் சினிமாவுக்கு வயலின் வாசித்தவர். இப்படிச் சொன்னால் உடனே, "எந்தப் பாட்டுக்கு?" என்று கேட்கிறார்கள். நிறையப் பாட்டுக்கு வாசித்திருக்கிறார். நான் சொல்ல நினைப்பது, ஒரு படத்தில் பாட்டே இல்லாத மூன்று நிமிடத்துக்கு அவர் போட்ட இசையைப் பற்றி. அதனால் எங்களுக்குள் என்ன ஆனது என்பதைப் பற்றி. பாதிப் பாதியாகச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். முழுதாகச் சொல்வது இப்போதுதான்.

நாங்கள் சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பம். என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பு நான் கோயில் பாடல் குழுவில் இருந்தேன். ஆர்மோனியத்துக்கு இடப்பக்கம் நின்று வயலின் வாசிக்கிற ஒல்லியான மனுஷரை மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்தேன். நாலாவது வருஷம் பெண் கேட்டு வந்தார்கள்.

அவருக்குச் சின்ன வயதில் பிரெஞ்சு சாமியார் ஒருவர் மேல்நாட்டு இசை நோட்டு படிக்கச் சொல்லிக்கொடுத்தார். பிறகு தானாகத் தேடிப் போய், சேலத்திலேயே குகை என்கிற பேட்டையில் ஒரு பாகவதரிடம் ஏழெட்டு வருஷம் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டார். இரண்டுக்கும் ஒரே வயலின்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நின்றபடி தாடைக்குக் கீழே வைத்து வாசிப்பார். செவ்வாய்க்கிழமை குகையில் தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்து வாசிப்பார். இரண்டும் தெரிந்தவர் என்பதால்தான் சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் அவரை வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் சேலத்திலேயே படம் எடுத்தார்கள். வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விட்டு வருவார்.

படத்துக்கு இசை என்றால் இரண்டு வேலை. ஒன்று பாட்டு. அதற்கு மெட்ராஸிலிருந்து இசையமைப்பாளர் ரயிலேறி வருவார். பத்து நாளோ பதினைந்து நாளோ தங்கி, மெட்டுப் போட்டு, பாடகர்களை வரவழைத்துப் பதிவு செய்துவிட்டுப் போய்விடுவார். இன்னொன்று ரீரெக்கார்டிங். படம் எடுத்து முடிந்ததும் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சண்டைக்கும் சிரிப்புக்கும் அழுகைக்கும் பின்னணி வாசிக்கிற வேலை. நடுவில் ஒருவர் தப்பு செய்தால் முதலிலிருந்து எல்லாரும் வாசிக்க வேண்டும். மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்று நிறுத்திவிடுவார்கள். அவர் வீட்டுக்கு வரும்போது சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும். "இன்னிக்கு மூணு கொலை, ஒரு கல்யாணம்" என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போவார்.

ஐம்பதுகளின் நடுவில் ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் வியாபாரி ஒருவர் ஒரு ராஜா கதையைப் படமாக எடுத்தார். பாட்டுதான் படத்தை ஓட்டும் என்பது அவர் எண்ணம். ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தவர்களைக் கூப்பிட்டு வைத்து, "பத்துப் பாட்டும் மாட்டு வண்டி ஓட்டறவன் வாயில நிக்கோணுமுங்க, அவ்வளவுதான்" என்றாராம். அப்படியே ஆனது. இரண்டு மெட்டு இந்திப் படத்திலிருந்து வந்தது. ஒன்று தெருக்கூத்துப் பாட்டு மாதிரி துள்ளலாக இருந்தது. படம் வருவதற்கு முன்பே அதை எங்கள் தெரு டீக்கடையில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்ததும் இசையமைப்பாளருக்கு மெட்ராஸில் வேறு படம் காத்துக்கொண்டிருந்தது. போகிற அன்று இவரைக் கூப்பிட்டு, "பின்னணி முழுக்க நீரே பார்த்துக்கும். உம்மால முடியும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார். அன்றைக்கு இவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்துச் சொல்லாமல் எங்கள் மகளைத் தூக்கி, அவளிடம்தான் முதலில் சொன்னார்: "பாப்பா, முழுப் படம்! அப்பாவோடது!"

அவளுக்கு நாலு வயது. ஒரே குழந்தை. அப்பாவுக்கு சுதி சேர்க்க உதவி செய்வதாக அவளுக்கு நினைப்பு. அவர் வயலின் முறுக்காணியைத் திருகிவிட்டு, "சரியா இருக்கா?" என்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்பாள். சரியாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வாள். அவரும் ஒரு தடவை திருகுவதுபோல் கையை வைப்பார். "ம், இப்ப வாசி" என்று உத்தரவு கொடுப்பாள்.

இவருக்கு ஓர் ஆசை இருந்தது. பாட்டெல்லாம் ஜனங்களுக்காக எப்படியோ போகட்டும், பின்னணியை முழுக்க ராகத்தில் கட்ட வேண்டும் என்று. ராஜாவுக்கு ஒரு ராகம், சூழ்ச்சி செய்கிற மந்திரிக்கு ஒன்று, ராணிக்கு ஒன்று. அதற்கு அடியில், கோயிலில் கற்றுக்கொண்ட மாதிரி இன்னொரு வயலின் தனியாகத் தாழ்ந்த குரலில் போக வேண்டும். ராத்திரிச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு விளக்குவார். பாதி புரியும். அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரே ஓர் இடம் அவருக்கு வசப்படவில்லை. ராணியின் குழந்தை இறந்துபோகிறது. ராணி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வசனம் இல்லை, பாட்டு இல்லை. மூன்று நிமிடம் அவள் முகம் மட்டும். முகாரி வாசித்துப் பார்த்தார். "இதை எல்லாரும் போடுறாங்க. கண்ணை மூடிக்கிட்டிருக்கிறவன்கூட இங்க யாரோ செத்துட்டாங்கன்னு சொல்லிடுவான்" என்று விட்டுவிட்டார். வேறு நாலைந்து முயற்சி செய்தார். படம் எடுத்தவரும் சலித்துக்கொண்டார். அந்த இடத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதை வாசித்துக்கொண்டு போனார்கள்.

அந்த வாரம்தான் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது.

சளி என்று நினைத்தேன். பனங்கற்கண்டு போட்டுப் பால் கொடுத்தேன். விழுங்க முடியாமல் துப்பினாள். அடம் பிடிக்கிறாள் என்று அதட்டினேன். மூன்றாம் நாள் மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாயைத் திறந்து பார்த்த டாக்டர், தொண்டையில் வெள்ளையாகத் தோல் படர்ந்திருக்கிறது, தொண்டை அடைப்பான் என்றார். ஊசி போட்டார்கள். "எத்தனை நாளா?" என்று கேட்டார். "மூணு நாள்" என்றேன். அவர் நர்ஸ் பக்கம் திரும்பிக் கட்டில் போடச் சொன்னார். அவர் சொல்லாதது எனக்குக் கேட்டது.

படுக்க வைத்தால் மூச்சு முட்டியது. அதனால் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூங்க வைக்க எதையோ முனகினேன். வார்த்தை கிடையாது. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் லத்தீனில் பாடுவோமே, அது கொஞ்சம் இருந்தது. தெருவில் பெண்கள் தொட்டிலாட்டும்போது இழுக்கிற ராகம் கொஞ்சம் இருந்தது. மீதி எங்கிருந்து வந்ததோ தெரியாது. மூன்று வரி போவேன். அவளுக்கு இருமல் வரும். நிறுத்திவிட்டு முதுகைத் தடவுவேன். இருமல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டேன், முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அப்படித்தான் அவளுக்குப் பிடித்தது. நான் நடுவிலிருந்து எடுத்தால் என் கழுத்தில் விரலால் தட்டுவாள்.

இவர் ஸ்டூடியோவுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தார். படத்தைத் தீபாவளிக்குக் கொண்டுவரத் தேதி குறித்துவிட்டார்கள். வந்தால் கட்டில் பக்கம் உட்கார மாட்டார். ஜன்னலை ஒட்டி நின்று, சைக்கிள் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "கொஞ்ச நேரம் என்கிட்ட குடு" என்று ஒரு தடவை கேட்டார். பாப்பா என் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "இருக்கட்டும், அவ இஷ்டம்" என்று மறுபடி ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டாம் நாள் காலை, பத்து மணி இருக்கும், அவள் இருமவில்லை. மூன்று வரி முனகி முடித்து, நாலாவது வரிக்கும் போய், இன்றைக்கு இருமல் குறைந்திருக்கிறது என்று நினைத்தேன். நர்ஸ் வந்து என் தோளிலிருந்து அவளை எடுத்தாள். இவர் வந்தபோது பத்தரை.

சின்னக் குழந்தை செத்தால் எங்கள் கோயிலில் அப்போதெல்லாம் கறுப்பு உடுப்பு கிடையாது. அது பாவமில்லாத சம்மனசு, தேவதூதன், நேரே மோட்சம் போகிறது என்று சாமியார் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு வந்தார். அந்த வெள்ளையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தச்சர் செய்த சின்னப் பெட்டியை இவரே கையில் ஏந்தி நடந்தார். பாதி வழியில் என் அண்ணன், "நான் வாங்கிக்கிறேன், மாப்ளே" என்று கை நீட்டினார். இவர் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நடந்தார்.

நாலாம் நாள் காலையில் வயலின் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"அந்த ஒரு இடம் பாக்கி. நாளைக்குப் பிரிண்ட் போடணும்கிறாங்க."

"மண்ணு இன்னும் காயல."

"தெரியும்" என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். கல் மனசுக்காரர் என்று அன்றைக்கு முடிவுகட்டினேன். மூன்று நாள் சளி என்று நினைத்து வீட்டில் வைத்திருந்தது நான்தான். அதை நினைக்கிறபோதெல்லாம் அவர் சைக்கிள் மிதித்துப் போனதை எடுத்து அதன்மேல் போட்டு மூடிக்கொண்டேன். இது எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று.

தீபாவளிக்குப் படம் வந்தது. "வர்றியா?" என்று இவர் ஒருமுறை கேட்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் தறி போட்டிருந்தார்கள், அந்த வீட்டு அக்காதான் ஒருநாள் மதியம் வந்து என்னை எழுப்பித் தலை வாரிவிட்டாள். "இப்படியே சுவத்தப் பாத்துக்கிட்டிருந்தா பைத்தியம் புடிச்சிடும், தங்கச்சி. ராஜா கதையாம், பாட்டெல்லாம் நல்லாருக்காம், வா" என்று மேட்னிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கதையில் என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அந்த நேரத்தில் ஞாபகமே இல்லை.

கொட்டகை நிரம்பி வழிந்தது. பெண்கள் பக்கம் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தோம். ஒவ்வொரு பாட்டு ஆரம்பிக்கும்போதும் விசில். துள்ளல் பாட்டு வந்தபோது எனக்கு முன்னால் இருந்த பெண் இடுப்புக் குழந்தையோடு ஆடினாள். பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நாலு பேர் கூடவே பாடினார்கள். பாட்டில்லாத இடங்களில் யாரும் எதையும் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது. மந்திரி வரும்போதெல்லாம் அடியில் ஒரு வயலின் ஊர்ந்தது. ராஜா தனியாக நடக்கும்போது இன்னொரு ராகம் கூடவே நடந்தது. அவர் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னதெல்லாம் அங்கே இருந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய் இல்லை.

அப்புறம் ராணி மடியில் குழந்தையோடு உட்கார்ந்தாள்.

மற்ற வாத்தியம் ஒன்றும் இல்லை. ஒரே வயலின். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் முனகியதுதான். பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டின் அந்த இறக்கம், அதிலிருந்து தொட்டில் ராகத்துக்கு நழுவுகிற இடம், எல்லாம் அப்படியே. முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. அப்புறம் சட்டென்று நின்றது.

அவள் இருமுகிற இடம்.

கொட்டகை முழுக்க நிசப்தம். ஒரு நொடிதான். உடனே தரை டிக்கெட்டிலிருந்து, "ஏய் ஆப்பரேட்டர்! சவுண்டு!" என்று கத்தினார்கள். விசில். இன்னொருவன், "சவுண்டு போச்சுடா!" என்றான். சிரிப்பு. அதற்குள் வயலின் மறுபடி ஆரம்பித்தது. விட்ட இடத்திலிருந்து இல்லை, முதலிலிருந்து. மூன்று தடவை அப்படி நின்றது, மூன்று தடவையும் கத்தினார்கள். சிலர் முறுக்கு வாங்க எழுந்து போனார்கள். நான் எழுந்து யார் காலையெல்லாமோ மிதித்துக்கொண்டு வெளியே ஓடினேன். அக்கா பின்னாலேயே வந்து, "ஐயோ, எனக்குத் தெரியாம போச்சே, செத்த புள்ளை வர்ற கதைன்னு" என்று தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் நினைத்தது கதையை. நான் அவளைத் திருத்தவில்லை.

சாயங்காலம் இவர் வந்ததும் கேட்டேன். சட்டையைக் கழற்றக்கூட விடவில்லை.

"படத்துக்குப் போயிருந்தேன்."

அவர் முகம் மாறியது. "கேட்டியா?"

"அது பாப்பாவோடது. அவளுக்கு மட்டும் வச்சிருந்தது. உங்களுக்கு யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. அன்னிக்குப் படம் ஓடிச்சு, வயலின் வில்லை எடுத்தேன். வேற எதுவும் கைக்கு வரல. அது ஒண்ணுதான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"இருமலையும் சேர்த்து வச்சிருக்கீங்களே! அதைக் கேட்டு ஊரே கத்துது, சிரிக்குது. நம்ம புள்ளை மூச்சுத் திணறினதை வேடிக்கை காட்டிட்டீங்களே!"

"அந்த இடத்துலதான் அவ இருக்கா" என்றார். "மத்ததெல்லாம் உன் பாட்டு. நிறுத்துற இடம் மட்டும்தான் அவளோடது. அதை எப்படி விடுவேன்?"

அவர் அதை எப்படிச் சொன்னார் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. "நீங்க மனுஷனே இல்ல" என்றேன். அவர் சட்டையோடு அப்படியே சுவரோரம் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அந்தப் படத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு இல்லை. பாப்பாவைப் பற்றியும் பேச்சு இல்லாமல் போயிற்று. ஒன்றை விட்டு இன்னொன்றைப் பேச முடியவில்லை.

ஆனால் பாட்டு எங்களை விடவில்லை. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் அந்தப் பத்துப் பாட்டும்தான். ஆட்டையாம்பட்டியில் என் தங்கையைப் பார்க்கப் போனால் அங்கே தறிச் சத்தத்துக்கு நடுவில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். இசைத்தட்டு வந்தது. தட்டில் பாட்டு மட்டும்தான், பின்னணி கிடையாது. படம் நன்றாக ஓடியும் இவருக்கு நல்ல பேர் வரவில்லை. வாங்கி வெளியிட்டவர்கள், ராணி சீனில் சத்தம் நின்று நின்று போகிறது, ஒலிப்பெட்டி கெட்டுவிட்டதென்று ஊர் ஊருக்கு ரகளை நடக்கிறது என்று எழுதினார்களாம். மஞ்சள் வியாபாரி அடுத்த படத்துக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டார். இவர் பழையபடி வரிசையில் ஒருவராக உட்கார்ந்து வாசித்தார்.

மறு வருஷம் சித்திரை வெயிலில் ஒருநாள் முற்பகல், ஒரு புருஷனும் பெண்ஜாதியும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர் தலையில் துண்டு, தோளில் ஒரு வாழைத்தார். அந்த அம்மாள் நாலடி தள்ளி நின்றாள்.

"ஏனுங்க அம்மிணி, சினிமாவுக்குப் பிடில் வாசிக்கிறவர் ஊடு இதுதானுங்களா?"

"ஆமாம். அவர் வேலைக்குப் போயிருக்கார். நீங்க யாரு?"

"மோகனூருங்க. ஆத்தோரம் வெள்ளாமை பாக்கறமுங்க. ஸ்டூடியோவுல போய் விசாரிச்சனுங்க, அங்க உள்ள விட மாட்டேன்னுட்டாங்க. வாசல்ல ஒருத்தர் இந்த அடையாளம் சொன்னாருங்க."

உள்ளே வரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாதவர்போலச் சொம்பைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க பையன் ஆத்தோட போயிட்டானுங்க. ஆறு வயசு. அன்னிலேர்ந்து இவ அழுகலீங்க. ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வரலீங்க. சோறு வைப்பா, மாடு கட்டுவா, பேச மாட்டா. எட்டு மாசமுங்க. சித்தம் கலங்கிப் போயிருமின்னு எல்லாருஞ் சொன்னாங்க. எங்கூருக்கு டெண்ட்டுக் கொட்டாயில இந்தப் படம் வந்துச்சுங்க. பாட்டுக் கேட்டா மனசு மாறுமின்னு கூட்டிட்டுப் போனனுங்க. பாட்டுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலீங்க. அந்த ராணி குழந்தையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குமே, பாட்டு இல்லாம வெறும் பிடில் மட்டும்..."

அவர் நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்த அம்மாளே பேசினாள். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"நின்னுச்சுங்களே ஒரு எடத்துல. அங்க வந்துருச்சுங்க எனக்கு."

"அழுதாளுங்க" என்றார் அவர். "கொட்டாயே திரும்பிப் பாத்துச்சு. ஊட்டுக்கு வந்தும் அழுதா. ரெண்டு நாளு அழுதா. அப்புறந்தான் பேசினா. அந்தப் படம் எடுத்துட்டுப் போற வரைக்கும் தெனமும் போனமுங்க. அதை வாசிச்சவரைப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போகலாமின்னுதான் வந்தமுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

இவர் வர சாயங்காலம் ஆகும், இருந்து சாப்பிட்டுவிட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "அவர் எப்ப வருவார்னு சொல்ல முடியாது." பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர்கள் எழுந்தார்கள். "அப்ப நாங்க வந்துட்டுப் போனமின்னு சொல்லிப்போடுங்க, அம்மிணி. வாரமுங்க." போகும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்தாள். "உங்களுக்குக் குழந்தைக எத்தனைங்க?" என்றாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் இவர் மூலையில் இருந்த வாழைத்தாரைப் பார்த்தார்.

"ஏது இது?"

"சந்தையில வாங்கினேன்."

"இவ்வளவு பெரிய தாரா? ரெண்டு பேருக்கா?"

"பக்கத்துல குடுக்கலாம்னு."

அவர் ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றார். "நல்ல பழம்" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டிருக்கிறேன். சொன்னால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடும். அது சரி என்றால், நான் அவரைச் சொன்ன சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள், சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பாரே என்று தோன்றியது. ஒரு வாரம் போனதும் அது சொல்லவே முடியாத விஷயமாகிவிட்டது.

அதற்கடுத்த வருஷம் பையன் பிறந்தான். அவனுக்குத் தாலாட்டு எதுவும் பாடவில்லை. மடியில் போட்டு முதுகில் தட்டுவேன், அவ்வளவுதான். இவர் அவனுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அறுபதுகளில் சேலத்தில் படம் எடுப்பது குறைந்தது. ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மெட்ராஸுக்குப் போனார்கள். கிளாரினெட் வாசிக்கிறவர் வீட்டுக்கே வந்து, "நீங்க மட்டும் ஏன் இங்க கிடக்கிறீங்க? வாங்க, அங்க வேலை கொட்டிக் கிடக்குது" என்று கூப்பிட்டார். இவர் சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டார். மாதம் ஒருநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருவார் என்று எனக்குத் தெரியும். மெட்ராஸுக்கு ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாண்டு வாத்தியம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போனார்.

பனமரத்துப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஏரிக்கரைப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். பையனுக்கு ஆறேழு வயது. கல் பொறுக்கி ஏரியில் எறிந்துகொண்டிருந்தான். கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் அந்தப் படத்தின் துள்ளல் பாட்டு கேட்டது. இவர் தானாகப் பேசினார். எட்டு ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை.

"பாட்டு நிலைச்சு நிக்குது பாரு. மெட்ராஸ்காரர் சரியாத்தான் போட்டார். நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"அந்த இடத்துல. நம்ம கஷ்டத்தைக் கொண்டுபோய் ஜனங்க தலையில வச்சேன். ஒரு ஆளுக்காவது புரியும்னு நினைச்சேன். யாருக்கும் புரியல. உன்னையும் நோகடிச்சதுதான் மிச்சம்."

மோகனூர், வாழைத்தார், அந்த அம்மாள் தரையைப் பார்த்துச் சொன்னது எல்லாம் என் நாக்கு நுனிக்கு வந்தது. "ஏங்க" என்றேன். அவர் திரும்பினார். பஸ் வந்துவிட்டது. பையன் ஓடிவந்தான். கூட்டத்தில் அவருக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது, எனக்குப் பின்பக்கம். வீட்டுக்குப் போய் "என்னவோ சொல்ல வந்தியே" என்றார். "ஒண்ணுமில்ல, காலு வலிக்குதுன்னேன்" என்றேன். வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் தறியை விட்டுவிட்டு ஓடிவந்து வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறு வாரம் பையனைக் கூட்டிக்கொண்டு மோகனூர் பஸ் ஏறினேன். அந்த இருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. ஆற்றோரத் தெருவில் ஒரு கடைக்காரரிடம், "ஒம்போது பத்து வருஷம் முன்னாடி, ஆத்துல ஆறு வயசுப் பையனைப் பறிகொடுத்தாங்களே, அவங்க வீடு எது?" என்று கேட்டேன்.

"எந்தப் பையனுங்க? ஆத்தோர ஊருங்க இது. அப்படிப் போனது நாலஞ்சு இருக்குங்களே" என்றார். யார் யார் வீடோ சொன்னார். இரண்டு வீட்டுக்குப் போனேன். அவர்கள் இல்லை. மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. குத்தகை விட்டுவிட்டுப் பரமத்திப் பக்கம் போய்விட்டார்கள் என்று பக்கத்தில் சொன்னார்கள். அவர்கள்தானா என்றும் தெரியவில்லை.

திரும்பும்போது பையன் கேட்டான், "யாரைம்மா தேடுறோம்?"

அவனுக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதே அதுவரை அவனுக்குத் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. பஸ் நாமக்கல் தாண்டி ராசிபுரம் வருகிற வரைக்கும் அவனுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பனங்கற்கண்டிலிருந்து. அவன் ஜன்னல் பக்கம் திரும்பாமல் கேட்டுக்கொண்டு வந்தான். முடிந்ததும், "அவங்க வந்துட்டுப் போனது அப்பாவுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது" என்றேன்.

ராசிபுரத்தில் பஸ் நின்றபோது அவன் இறங்கிப் போய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.